நலங்கு மாவு, நெல்லிக்காய், சீரம்: எது முகத்துக்கு, எது வயிற்றுக்கு?

நாட்டு மருந்துக்கடை வாசலில் போனைப் பார்த்துப் பட்டியல் வாசிக்கும் பெண்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். "அண்ணே, கஸ்தூரி மஞ்சள் நூறு, ஆவாரம்பூ நூறு, ரோசா மொட்டு அம்பது, கார்போகரிசி அம்பது..." கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "எத்தனை பேருக்கும்மா, கல்யாண வீடா?" என்று கேட்பார். அதே போனில் முகத்தில் பூசும் பாட்டில் திரவமான வைட்டமின் சி சீரம் ஒன்றும் ஆர்டர் போட்டிருக்கும். நானும் பல வருடம் இப்படித்தான் இருந்தேன். இரண்டையும் வாங்கி, இரண்டையும் குழப்பி, சில தடவை முகத்தைக் கெடுத்துக்கொண்டு, அப்புறம்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. செடியின் வேலை வேறு, வைட்டமினின் வேலை வேறு. நெல்லிக்காயில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது, சரி. அதற்காக நெல்லிப்பொடியைக் குழைத்து அப்பினால் அந்த வைட்டமின் தோலுக்குள் போய்விடாது. வெளியிலிருப்பதை உள்ளே விடாமல் இருப்பதுதான் தோலின் முதல் வேலையே.

எதை அரைப்பது, எதைப் பூசுவது, எதைப் பாட்டிலில் வாங்குவது, எதைத் தின்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. கடைக்குப் போகும் முன் கண்ணாடி

முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். கன்னம் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். முகம் முழுக்க மினுங்கினால் எண்ணெய்த் தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் கலப்புத் தோல். இதற்கு மேல் பெரிய வகைப்பாடு வேண்டாம்.

அடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, விரல் முட்டி. கைவிரல் மூட்டுகளின் மேல்தோல் மற்ற இடத்தைவிடப் புதிதாகக் கறுத்திருந்தால், அது வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். இப்படித் தோல் கறுப்பது பி12 குறைவின் அடையாளம் என்று 1963-லேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் நோயாளிகளைப் பார்த்து எழுதியதுதான். பி12 எந்த இலையிலும் வேரிலும் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. சுத்த சைவக்காரர்கள், அதிலும் பால் தயிரும் சேர்க்காதவர்கள், எத்தனை கிலோ ஆவாரம்பூ பூசினாலும் அந்தக் கருமை போகாது. ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையோ ஊசியோ எடுத்தால் மெல்ல மெல்ல வெளுக்கும்.

இரண்டாவது, பின்கழுத்து. வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் பலர் அழுக்கு என்று நினைத்து எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுத் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைத் தோல் காட்டிக்கொடுக்கிறது. பார்க்க வேண்டியது சர்க்கரை அளவை. தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும்.

2. நாட்டு மருந்துக்கடையில்

பட்டியலைக் குறையுங்கள். இருபத்தோரு சரக்கு போட்ட நலங்கு மாவு என்று விற்கிறார்கள். ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் தடித்தால், அந்த இருபத்தொன்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நான் போடுவது ஏழு: பச்சைப்பயறு 500 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50, காய்ந்த ஆவாரம்பூ 50, கோரைக்கிழங்கு 50, பூலாங்கிழங்கு 25, வெட்டிவேர் 25, ரோஜா இதழ் 25. ஒருவருக்குத் தினம் ஒரு கரண்டி என்றால் இரண்டு மாதத்துக்கு மேலேயே வரும். இதில் அழுக்கெடுப்பது பச்சைப்பயறுதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் வாசத்துக்கும், கொஞ்சம் மேல்தோல் எரிச்சல் தணியவும். வாசம் என்பது சின்ன விஷயம் இல்லை. தினமும் ஒரு வேலையைச் செய்யவைப்பதே அதுதானே.

கஸ்தூரி மஞ்சளில் ஏமாறுவது சுலபம். மெய்யான கஸ்தூரி மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூர வாடை அடிக்கும், கையில் கறை அவ்வளவாக ஒட்டாது. பளீரென்ற மஞ்சளில் கிடைப்பது பெரும்பாலும் அதன் உறவுக்காரக் கிழங்கு, இல்லையென்றால் சாதாரண மஞ்சளே. அதனால் பொடியாக வாங்காதீர்கள், கிழங்காக வாங்கி உடைத்துப் பாருங்கள். சமையல் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயம் சேர்ப்பது வங்கதேசத்திலும் இந்தியாவின் சில பகுதிகளிலும் பிடிபட்ட கலப்படம். கடையில் எது அதிகமாக மினுங்குகிறதோ அதைத் தள்ளிவைத்து, மங்கலாக இருப்பதை எடுங்கள். பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு என்ற பெயர்களும் கடைக்குக் கடை மாறும். அது பெரிய ஆபத்தில்லை, வாசம்தான் மாறும்.

கார்போகரிசியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சித்த மருத்துவத்தில் சொல்லும் நலங்கு மாவிலேயே இது உண்டு. நான் மேலே வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அந்த விதைக்குள் இரண்டு ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒன்று சோரலென். இது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, கொப்புளித்து, கறுக்கும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயிலில் காட்டும் பழைய வைத்தியமும், இன்று மருத்துவமனையில் சோரலென் கொடுத்து புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சையும் இதை வைத்துத்தான். இரண்டாவது ஆள் பக்குச்சியால். இப்போது விலை உயர்ந்த சீரங்களில் 'செடியிலிருந்து வந்த ரெட்டினால்' என்று போடுகிறார்களே, அது இதுதான். (ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ. பக்குச்சியால் அதுவல்ல, அதைப் போன்ற வேலை செய்வது.) வெளிநாட்டு விளம்பரத்தில் பார்த்து வாய் பிளக்கும் பொருள் நம் பாட்டியின் மாவு டப்பாவில் இருந்திருக்கிறது. ஆனால் டப்பாவில் இருப்பது இரண்டும் கலந்த விதை, சீரத்தில் இருப்பது சோரலெனை நீக்கிச் சுத்தப்படுத்திய பக்குச்சியால். எட்டு மணிக்கு நலங்கு மாவு தேய்த்துக் குளித்துவிட்டு எட்டேகாலுக்கு ஸ்கூட்டியில் கிளம்புகிறவருக்கு அந்த விதை வேண்டாம் என்பது என் முடிவு.

3. அரைப்பது

பயற்றை வெயிலில் காயவையுங்கள். பூக்களை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வாசம் ஓடிவிடும். கிழங்குகளை உரலில் இடித்துச் சிறு துண்டாக்கிக்கொள்ளுங்கள். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்காவிட்டால் மெஷினில் நார் சுற்றிக்கொள்ளும், மில்காரர் முறைப்பார்.

மில்லில்தான் நான் பட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தார். நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை முகத்தில் போட்ட அரை நிமிடத்தில் குளியலறையிலிருந்து கத்திக்கொண்டு வெளியே வந்தேன். கண் இரண்டும் வீங்கிவிட்டன. 725 கிராம் மாவும் குப்பைக்குப் போனது. அதிலிருந்து, சீயக்காய் அரைக்கும் மெஷினில்தான் கொடுப்பேன். அதற்கு முன் ஒரு கை பச்சரிசியை ஓடவிடச் சொல்லி, அந்த மாவைக் கொட்டிவிட்டுத்தான் நம்முடையது உள்ளே போகும்.

வீட்டுக்கு வந்ததும் ஆறவையுங்கள். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் வேர்த்து, வண்டு பிடிக்கும். அப்புறம் சல்லடை போதாது, பழைய மல் வேட்டித் துண்டில் சலிக்க வேண்டும். சித்த வைத்தியர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். இந்த வேலை சோம்பேறிக்கு ஆகாது, அரை மணி நேரம் தட்டித் தட்டி உட்கார வேண்டும். ஆனால் நறநறவென்ற மாவு முகத்தைக் கீறும், கீறிய இடம் கறுக்கும். நம்முடைய மாநிறத் தோலுக்கு இந்தச் சுபாவம் உண்டு: காயம் சின்னதாக இருந்தாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். துணியில் தங்கும் கப்பியை வீணாக்காமல் பாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. முகத்துக்கு முன் கைக்கு

முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி, முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். ஒரே நாள் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வாமை பல நாள் கழித்துத்தான் தலைகாட்டும். இயற்கையானது என்பதால் ஒத்துக்கொள்ளும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மஞ்சளுக்கே ஒவ்வாமை வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சின்னச் சோதனை, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஒரு சிட்டிகை சமையல் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவிடுங்கள். ஒரு ஓரத்தில் குளியல் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, இன்னொரு ஓரத்தில் மாவு கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு. சோப்பு விட்ட இடம் சிவக்கும், மாவு விட்ட இடம் மஞ்சளாகவே இருக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். காரம், அதாவது சுண்ணாம்பு, சோப்பு போலப் புளிப்புக்கு எதிரானது, பட்டால் மஞ்சள் சிவக்கும். புளிப்பா காரமா என்று காட்டும் அளவான பி.எச். நம் தோலுக்கு 5-க்குப் பக்கம், அதாவது லேசான புளிப்பு. சாதாரண சோப்புக்கட்டியோ 9, 10 என்று போகும். சோப்பு போட்டதும் முகம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முகத்துக்கு ஆப்ப சோடா போடச் சொல்கிறவர்களிடமும் இந்தத் தாளைக் காட்டலாம்.

5. பூசுவது

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கரண்டி மாவை, வறண்ட தோல் என்றால் பாலிலோ தயிரிலோ, எண்ணெய்த் தோல் என்றால் வெறும் தண்ணீரிலோ குழைத்து, ஈர முகத்தில் தடவி, இரண்டு நிமிடத்தில் கழுவுங்கள். காய்ந்து வெடிக்கும்வரை உட்கார வேண்டாம். அப்படிக் காயும்போது தோலின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு போகும். குழைத்ததில் மிச்சத்தை எடுத்துவைக்காதீர்கள். தண்ணீர் பட்ட மாவு ஊசிப்போக ஒரு பகல் போதும், சித்திரை மாதத்தில் அதுகூட வேண்டாம்.

சோற்றுக்கற்றாழையை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது தோலை அரிக்கும். மடலைச் செங்குத்தாகப் பத்து, பதினைந்து நிமிடம் நிறுத்தி வடியவிட்டு, தோல் சீவி, நன்றாக அலசிய பிறகு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வெயிலில் சுட்ட தோலுக்கு இதமாக இருக்கும். நிறத்தை மாற்றும், சுருக்கத்தை எடுக்கும் என்பதெல்லாம் கூடுதலாகச் சொல்வது.

கற்றாழைச் சோற்றை மிக்சியில் அடித்து, ஒரு வைட்டமின் ஈ காப்ஸ்யூலை உடைத்து ஊற்றி, 'மாதக்கணக்கில் கெடாது' என்று வீடியோ போடுகிறார்கள். கெடும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் வைட்டமின் ஈ காக்கும், அவ்வளவுதான். கிருமியையும் பூஞ்சையையும் அது தடுக்காது. தண்ணீர் சேர்ந்த எதையும் வீட்டில் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டு விசேஷத்துக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஐம்பது பழம் பிழிந்தேன். இரண்டு நாளில் முன்கையில் சாறு வழிந்த தடமெல்லாம் கோடு கோடாகச் சிவந்து, பிறகு காப்பிப்பொடி நிறத்துக்குக் கறுத்தது. மறைய ஐந்து மாதம் ஆனது. கார்போகரிசியில் பார்த்த அதே சோரலென் குடும்பம்தான் எலுமிச்சைத் தோலிலும் இருக்கிறது.

6. எண்ணெய்

குளித்துத் துடைத்ததும், தோலில் இன்னும் ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டு. காய்ந்த தோலில் தடவினால் பூட்டிவைக்க உள்ளே ஒன்றும் இருக்காது.

எந்த எண்ணெய்? நம்மூரில் பாசம் தேங்காய் எண்ணெய் மேல். உடம்புக்கு, கை காலுக்கு, வறட்சிக்கு நல்லது. முகப்பரு வருகிறவர்களுக்கு அதே எண்ணெய் துவாரத்தை அடைத்து இன்னும் கிளப்பிவிடும். வைட்டமின் ஈ-க்காகத்தான் தடவுகிறேன் என்றால், தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. சூரியகாந்தியிலும் பாதாமிலும் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. யாரும் அழகுப்பொருளாக மதிக்காத சூரியகாந்தி எண்ணெய் தோலின் மேல்சுவரைப் பலப்படுத்துவதில் ஆலிவ் எண்ணெயை முந்துகிறது. விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெயோ அந்தச் சுவரைத் தளர்த்துகிறது. நல்லெண்ணெய் சனிக்கிழமைக் குளியலுக்கு இருக்கட்டும். எள்ளுக்குள் இருக்கும் தற்காப்புப் பொருட்களால் அது சீக்கிரம் காறிப்போகாது, செக்கில் ஆட்டி வைத்தாலும் நிற்கும்.

வைட்டமின் ஈ-யின் பச்சைக் காப்ஸ்யூலை உடைத்து நேராகத் தழும்பில் தடவும் பழக்கத்தை விடுங்கள். 1999-ல் அறுவை சிகிச்சைத் தழும்புகளில் இதைச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பங்கில் பலனே இல்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமானது. மூன்றில் ஒருவருக்கு அரிப்பும் தடிப்பும் வந்தது.

7. பாட்டிலில் வாங்க வேண்டிய வைட்டமின்கள்

இங்கேதான் நாட்டு மருந்துக்கடையை விட்டு வெளியே வர வேண்டும்.

வைட்டமின் சி தோலுக்குள் நுழைய, எல்-அஸ்கார்பிக் அமிலம் என்ற வடிவில், 10 முதல் 20 சதவீதம் செறிவில், பி.எச். 3.5-க்குக் கீழே கரைந்திருக்க வேண்டும். இதைச் சமையலறையில் பிடிக்க முடியாது. தண்ணீரில் கரைந்ததும் அது கெட ஆரம்பிக்கும், வெளிச்சமும் சூடும் பட்டால் இன்னும் வேகமாக. ஆகவே அடர்நிறப் பாட்டில், சின்ன அளவு, அண்மைத் தயாரிப்புத் தேதி. முதலில் 10 சதவீதம், காலையில். ஃபிரிட்ஜில் வையுங்கள். டீ டிகாஷன் நிறம் வந்துவிட்டால், எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும் கொட்டிவிடுங்கள். 15 சதவீதம் சி-யோடு 1 சதவீதம் ஈ, 0.5 சதவீதம் ஃபெரூலிக் அமிலம் சேர்ந்தால் வெயில் பாதிப்பிலிருந்து காக்கும் திறன் இரட்டிப்பாகிறது என்று 2005-ல் கண்டார்கள். இந்த ஃபெரூலிக் அமிலம் நம் அரிசித் தவிட்டிலும் இருக்கிறது. ஆனால் தவிட்டைத் தேய்த்தால் இது நடக்காது.

முதல் முறை சீரம் வாங்குகிறவருக்கு நான் சொல்வது பி3, அதாவது நியாசினமைடு. விலை குறைவு, சுலபத்தில் கெடாது, எரிச்சல் குறைவு. 5 சதவீதம் போதும். பருவுக்குப் பிந்தைய கரும்புள்ளி, எண்ணெய்ப் பசை இரண்டுக்கும் உதவும். 10 சதவீதம் வாங்கி முகம் சிவந்து புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

வைட்டமின் ஏ, அதாவது ரெட்டினால், எந்தச் செடியிலும் இல்லை. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது அதன் முன்னோடியான பீட்டா கரோட்டின். அதைத் தின்றால் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். கேரட் மாஸ்க்கால் முகம் ஆரஞ்சாகும், வேறொன்றும் ஆகாது. ரெட்டினால் வேண்டுமென்றால் இரவில் மட்டும், வாரம் இரண்டு நாளில் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது. எரிச்சல் தாங்காதவர்கள் 0.5 சதவீத பக்குச்சியாலைப் பார்க்கலாம். 2019-ல் வெளியான ஒப்பீட்டில் 44 பேர், 12 வாரம், சிலருக்கு இது, மற்றவர்களுக்கு ரெட்டினால். சுருக்கமும் கருமையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தன. உரிதலும் எரிச்சலும் ரெட்டினாலில்தான் அதிகம். 44 பேர் என்பது சின்னக் கூட்டம், அதையும் மனதில் வையுங்கள். வாங்கும்போது லேபிளில் பக்குச்சியால் என்றே இருக்க வேண்டும். 'பாகுச்சி ஆயில்' என்றால் அது கார்போகரிசி விதையின் எண்ணெய், சோரலெனும் கூடவே வரும்.

இதையெல்லாம் போட்டுவிட்டு சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போனால் காசு தண்டம். மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ கற்றாழையோ அந்த இடத்துக்கு வராது. வெயில் தடுப்பு அளவான எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் எடுங்கள். மங்கு இருப்பவர்கள் தோல் நிறச் சாயம் கலந்த, அயர்ன் ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மாநிறத் தோலைக் கறுக்கவைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு.

8. தட்டில்

நெல்லிக்காய் இங்கே வர வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருந்தது. 2017 பட்டியலில் 250 சொச்சம். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், 35 கிராம் எடையுள்ள ஒரு பெருநெல்லியில் 85 மில்லிகிராம் தாண்டும். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 80, பெண்களுக்கு 65. ஒரு காயைக் கடித்து உப்புத் தொட்டுத் தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. முருங்கைக்கீரை வாரம் இரண்டு முறை, கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கி. எண்ணெய் இல்லாவிட்டால் அதிலுள்ள கரோட்டின் சரியாக உடம்பில் சேராது. நிலக்கடலை ஒரு கைப்பிடி, வைட்டமின் ஈ-க்கும் பி3-க்கும் சேர்த்து.

ஒரு எச்சரிக்கை. 'மூலிகை நைட் கிரீம்' என்று லேபிள் சரியாக இல்லாத டப்பாவில் வந்து, நான்கைந்து நாளிலேயே முகம் வெளுத்துப் பளபளத்தால், உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு அதிகம். எந்தச் செடிக்கும் அவ்வளவு அவசரம் கிடையாது. நிறுத்தினால் முகம் சிவந்து பரு கிளம்பும். அப்போது நீங்களாக வேறொன்றைப் பூசாமல், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

துண்டில் படிந்த மஞ்சள் கறைக்குச் சோப்பை அழுத்தித் தேய்த்தால் சிவந்து பயமுறுத்தும், விட்டுவிடுங்கள். அலசி நல்ல வெயிலில் கொடியில் போடுங்கள். மஞ்சளின் சாயம் வெயிலில் சிதைந்துவிடும், சாயங்காலம் எடுக்கும்போது பாதி காணாமல் போயிருக்கும்.